வீரர் குதாதாத் கான்

1856-ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் ஏற்படுத்திய விக்டோரியா சிலுவை என்னும் வெண்கலப் பதக்கம், ஐம்பத்தைந்து ஆண்டுகள் வரை இந்தியச் சிப்பாய்களுக்கு எட்டாததாயிருந்தது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அத்தடையை நீக்கினார். பின்னர் அதனை முதன்முதற் பெற்ற இந்தியரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

குதாதாத் கான் 1888-இல் பஞ்சாப் மாகாணத்துச் சக்வால் பகுதியிலுள்ள சிற்றூரொன்றிற் பிறந்தார். வளர்ந்தபின் 129-ஆவது பலூச்சிப் படையிற் சிப்பாயாக அமர்ந்தார். 1914-இல் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டபோது அப்படை பெல்ஜிய நாட்டுப் போர்முனைக்குச் சென்றது. அக்டோபர் 31-ஆம் நாள் ஹோலபெக் என்னுமிடத்தில் ஜெர்மானியர் பெருந்திரளாய் வந்து தாக்கினர். பலூச்சியரின் இயந்திரத் துப்பாக்கி இரண்டனுள் ஒன்று பீரங்கிக் குண்டு வீழ்ந்து பயனற்றது; தலைமை தாங்கிய ஆங்கில அதிகாரியும் காயமுற்றார். எஞ்சிய துப்பாக்கியை இயக்கிய அறுவருள் ஐவர் மாண்டனர். குதாதாத் கானோ, தாமும் காயமுற்றிருந்தும், சுடுதலை விட்டாரில்லை. இறந்தாரென எண்ணிப் பகைவர் விட்டகன்றபின் ஊர்ந்து சென்று தம் படையை அடைந்தார். அவர் தடுத்துநின்ற பொழுதிற்குள் உதவிப்படைகள் வந்துசேர வழி பிறந்தது.

1915-இல் மன்னர் தம் கையாலேயே அவருக்குப் பதக்கம் அணிவித்தார். சுபேதாராய் உயர்ந்து ஓய்வுபெற்ற அவர், 1971-இல் தம் எண்பத்திரண்டாம் வயதிற் காலமானார்.

பதக்கம் ஒருவர் மார்பில் விளங்கினும் அத்துப்பாக்கியைக் காத்து நின்றோர் அறுவராவர். ஆதலின் அவரைப் போற்றுங்காலை, மீளாத அவ்வைவரையும் உடன் நினைத்தல் நம் கடனாகும்.