சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

வீடு சாய்கிறது! மாடி வீட்டின் முகப்புச் சுவர் அடியோடு பெயர்ந்து, அப்படியே முன்பக்கம் சாய்கிறது. கீழே ஒரு மனிதர் நிற்கிறார். சுவர் வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்த நமக்கோ நெஞ்சே நின்றுவிடும் போலிருக்கிறது. இடியென விழுகிறது சுவர். புழுதி எழுகிறது. அடங்கிய பிறகு பார்த்தால், நின்ற இடத்திலேயே நிற்கிறார் அவர்! மாடி ஜன்னல் திறந்திருந்தது. அந்தத் திறப்பு அவர் தலைமீது சரியாக வந்து இறங்கிற்று. அவர் முகத்தில் அச்சமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கொட்டகையிலோ சிரிப்பொலி கூரையைப் பிளக்கிறது!

1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்திலே வரும் காட்சி இது. தந்திரக் காட்சியல்ல. அட்டைச் சுவருமல்ல. உண்மையான கனத்த சுவர். நிற்கும் இடத்தை அளந்து குறித்துக்கொண்டு, தம் உடலையே பணயம் வைத்து நின்றார் அந்த நடிகர். தோளுக்கும் மரச் சட்டத்துக்கும் இடையே இருந்தது சில அங்குலமே. படம் பிடிக்க வந்தவர்களில் சிலர், பார்க்க அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டனராம்!

பஸ்டர் கீட்டன் என்பது அவர் பெயர். சாப்ளினைத் தெரியாதவர் நம்மிலே யார்? தொளதொளத்த கால்சட்டையும் கைத்தடியும் குழந்தைகளுக்கும் பழக்கம். சாப்ளினோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டிய கீட்டனை அறிந்தவர்கள் குறைவு. அதற்குக் காரணம் திறமைக் குறைவல்ல. அவருடைய தொழிற்கூடம் அவர் கையைவிட்டுப் போயிற்று. அதைத்தான் உழைத்துப் பிழைக்கும் தோழர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறோம்.

1895 அக்டோபர் 4-ஆம் நாள், அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில், பிக்வா என்ற சிற்றூரில் பிறந்தார் கீட்டன். தந்தையும் தாயும் ஊர் ஊராகச் சென்று ஆடிப்பாடிப் பிழைக்கும் கூத்துக்காரர்கள். போகிற வழியிலே பிறந்த பிள்ளை! நான்கைந்து வயதிலேயே மேடையேற்றிவிட்டனர். என்ன வேஷம்? தந்தை தூக்கி எறிவார். பிள்ளை போய் விழ வேண்டும். திரைச்சீலை மீது எறிவார், வாத்தியக்காரர்கள் நடுவே எறிவார். எறிவதற்கு வசதியாகப் பையனின் சட்டை முதுகிலே பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கத்தார் வந்து பையனின் உடலில் காயம் உண்டா என்று சோதித்தனர். காயம் இல்லை. விழும் வித்தையை அவன் அதற்குள் கற்றிருந்தான். பள்ளிக்கூடத்தைத்தான் கற்கவில்லை, அந்த வாசலை அவன் மிதித்ததே அரிது.

இன்னொன்றையும் அந்த வயதிலே கற்றான். விழுந்து எழுந்து தானும் சிரித்தால், மக்கள் சிரிப்பதில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால் வயிறு வெடிக்கச் சிரிக்கிறார்கள். உலகம் பின்னாளில் வியந்த அந்தக் கல் முகம், பசிக்கு ஆடிய பிள்ளை மேடையிலே கண்டறிந்த தொழில் ரகசியம்!

தந்தையைக் குடி பிடித்தது. தூக்கி எறிகிறவரின் கை தடுமாறினால் விழுகிறவரின் கழுத்து என்னாவது? 1917-இல் குடும்பக் கூத்து கலைந்தது. நியூயார்க்கிலே பெரிய மேடையில் வாரம் 250 டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தனர். அந்த வேளையில், ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற பருத்த நகைச்சுவை நடிகர் சினிமா ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். கீட்டன் அங்கே முதலில் விசாரித்தது நடிப்பைப் பற்றியல்ல, காமிராவைப் பற்றி. அதைப் பிரித்துப் போட்டு, பல்சக்கரம் எப்படிச் சுற்றுகிறது, படச்சுருள் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். 250 டாலர் மேடையை உதறிவிட்டு 40 டாலருக்கு அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இயந்திரத்தின்மீது காதல் கொண்ட தொழிலாளிக்குத்தான் இந்தக் கணக்குப் புரியும்!

முதல் உலகப் போரின்போது பட்டாளத்தில் பிரான்சுக்குப் போனார். திரும்பும்போது ஒரு காது பழுது. 1920 முதல் சொந்தப் பெயரில் ஸ்டூடியோ. முன்னே சாப்ளின் படமெடுத்த இடமே அது. பெயர்தான் கீட்டனுடையது, பணம் ஜோசப் ஷெங்க் என்ற முதலாளியுடையது. மறுஆண்டு, ஷெங்க்கின் மைத்துனி நாடலி டால்மட்ஜை கீட்டன் மணந்தார். முதலாளியே சகலையானார்!

அந்த எட்டு ஆண்டுகள் பொற்காலம். கீட்டனின் பட்டறையிலே எழுதிய கதைப் புத்தகம் இல்லை. தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும். நடுவை வேலையினூடே கண்டுபிடித்துக்கொள்வார்கள். யோசனை ஓடாமல் நின்றுவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு, தச்சர், விளக்குக்காரர், காமிராக்காரர் எல்லோரும் சேர்ந்து பேஸ்பால் ஆடுவார்கள். ஆட்டத்தின் நடுவே எவருக்காவது யோசனை தட்டும். மட்டையைப் போட்டுவிட்டுக் காமிராவுக்கு ஓடுவார்கள். 1924-இல் 'ஷெர்லக் ஜூனியர்' எடுத்தபோது, ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய வெள்ளம் கீட்டனைத் தண்டவாளத்தில் அடித்தது. தலைவலி என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது, பல ஆண்டு கழித்து எக்ஸ்-ரே எடுத்தபோதுதான் தெரிந்தது!

நம் ரயில்வேத் தோழர்கள் தேடிப் பிடித்தாவது பார்க்க வேண்டிய படம் 'தி ஜெனரல்'. 1926-இல் ஆரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்ற ஊருக்குப் போய் எடுத்தது. கதாநாயகன் என்ஜின் டிரைவர். அவனுக்குக் காதல் இரண்டு — ஒன்று பெண், மற்றொன்று என்ஜின். காதலி கைவிட்ட சோகத்தில், என்ஜின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மீது உட்கார்ந்திருப்பான். என்ஜின் நகரும், தண்டு அவனை மேலே தூக்கும், கீழே இறக்கும், அதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பான். நீராவியைச் சற்றே அதிகம் திறந்து சக்கரம் வழுக்கிச் சுழன்றிருந்தால், நடிகர் பிணம்! முடிவிலே எரிகின்ற மரப்பாலம் முறிய, உண்மையான என்ஜின் ஒன்றே ஆற்றில் விழுகிறது. அந்த ஒரு காட்சிக்கே 42,000 டாலர் செலவு என்பது பலரும் தரும் கணக்கு. விழுந்த என்ஜின் ஆற்றிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப் போரின்போதுதான் பழைய இரும்புக்காக எடுத்துப் போனார்கள்.

இந்தப் படத்திலே நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உள்நாட்டுப் போரிலே கதாநாயகன் சேர்வது தெற்குப் படையில் — அடிமை முறையைக் காக்கப் போராடிய படையில்! கறுப்பு மக்களின் கண்ணீர் அந்தப் படத்தில் ஒரு துளியும் இல்லை. வேறு படங்களில் கரி பூசிய முகத்தை வேடிக்கையாக்கிய இடங்களும் உண்டு. கலைஞர் பெரியவர் என்பதற்காக அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

'தி ஜெனரல்' அன்று வசூலில் தோற்றது. பத்திரிகைகளும் தூற்றின. முதலாளி கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்! 1928-இல் ஷெங்க் சொன்னார், ஸ்டூடியோவை மூடிவிடுவோம், நீர் எம்.ஜி.எம். கம்பெனிக்குப் போய்விடும் என்று. எம்.ஜி.எம்.மின் தாய்க் கம்பெனிக்குத் தலைவர் யார்? ஷெங்க்கின் தம்பி நிகோலஸ்! போகாதே என்று தடுத்தார் சாப்ளின். தடுத்தார் ஹெரால்ட் லாயிட். அவர்கள் இருவரும் தங்கள் படங்களுக்குத் தாங்களே உடையவர்கள். கீட்டனுக்கோ தம் வியர்வையில் விளைந்த படங்களில் ஒன்றின்மீதும் உரிமையில்லை! வாரம் 3,000 டாலர் சம்பளம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வாழ்நாளில் செய்த பெரும் பிழை அதுவே என்று பிற்பாடு வருந்தினார்.

முதல் படம் 'தி காமிராமேன்' நன்றாகவே வந்தது. பிறகு கை கால்களைக் கட்டிவிட்டார்கள். கதைக்கு ஒரு இலாகா, மேற்பார்வைக்கு ஒரு அதிகாரி, எதற்கும் ஒரு கமிட்டி. பேசும் படம் வந்தது. ஊமைப் படம் எந்த நாட்டு ஏழைக்கும் புரிந்தது. பேசும் படத்தில் கீட்டனையே ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று கிளிப்பிள்ளைபோல் சொல்ல வைத்துத் தனித்தனியே எடுத்தார்கள். அந்த மட்டமான படங்கள், அவருடைய உயர்ந்த படங்களைவிட அதிகம் சம்பாதித்தன! கம்பெனி ஏன் கவலைப்படும்?

கவலைப்பட்டவர் கீட்டன் ஒருவரே. தந்தையைக் கெடுத்த பாட்டில் மகன் கைக்கும் வந்தது. 1932-இல் மணமுறிவு. மாளிகை போயிற்று, இரு மகன்களின் பெயரிலிருந்து கீட்டன் என்ற சொல்லும் போயிற்று, தாயின் குடும்பப் பெயர் அங்கே ஏறிற்று. 1933-இல் கம்பெனி சீட்டைக் கிழித்தது. மலிவான குறும்படங்களில் சில காலம். 1937-இல் மீண்டும் அதே எம்.ஜி.எம்.; இம்முறை நடிகராக அல்ல, பிறர் நடிப்பதற்கு வேடிக்கை யோசித்துத் தரும் கூலியாக! வாரம் 100 டாலர். கீட்டனின் பழைய படத்தையே ரெட் ஸ்கெல்டன் என்ற புது நடிகருக்காக மறுபடி எடுத்தனர். 'தி ஜெனரலை' ஒத்த கதையொன்றையும் 1948-இல் அவருக்குத் தந்தனர். அதற்கும் வேடிக்கை யோசித்துக் கொடுத்தவர் கீட்டனே. தான் கட்டிய வீட்டுக்குத் தானே வெள்ளையடிக்கக் கூலிக்கு வந்த கொத்தனார் நிலை!

ஆனாலும் ஒடிந்து போகவில்லை அவர். குடியை அடக்கினார். 1940-இல் எலினார் நாரிஸ் என்ற நடன நங்கையை மணந்தார். கடைசி வரை நிலைத்த வாழ்வு அது. 1952-இல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தில் கிழட்டுக் கோமாளிகளாக இருவரும் ஒரே மேடையில் தோன்றினர்.

அவரை மீட்டவர்கள் பட முதலாளிகள் அல்லர். பழைய படத்தை மறக்காத ரசிகர்கள்! 1949-இல் ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளர் 'லைஃப்' இதழில் ஊமைப்பட நகைச்சுவையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி, கீட்டனைச் சாப்ளினோடு வரிசைப்படுத்தினார். கீட்டன் இழந்த மாளிகையைப் பின்னாளில் வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே ஒதுக்கிடத்தில் பழைய படச் சுருள்கள் கிடப்பதைக் கண்டு பாதுகாப்புக்குக் கொடுத்தார். அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. நெருப்புப் பட்டால் குபீரென்று எரியும். படாவிட்டாலும் பிசினாகிப் பின் பொடியாகும். இன்னும் சில ஆண்டு விட்டிருந்தால் மிஞ்சியிருப்பது தூசிதான்! 1954-இல், லாஸ் ஏஞ்சலீசில் பழைய படங்களைக் காட்டும் சிறு கொட்டகையில் 'தி ஜெனரல்' ஓடியது. பார்க்க வந்தார் கீட்டன். கொட்டகைக்காரர் ரேமண்ட் ரோஹவர், சிதைந்த சுருள்களைப் புதுப்படியெடுத்துக் காக்கும் வேலையில் இறங்கினார். அவர் ரசிகரா, உரிமைகளை வளைத்துக்கொண்ட வியாபாரியா என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. இரண்டும்தான் என்பது நம் எண்ணம்.

1960-இல் சிறப்பு ஆஸ்கார் விருது. 1962-இல் பாரிஸ் நகரில் அவர் படங்களுக்கென்று தனி விழா. 1965-இல் வெனிஸ் படவிழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டே இருந்தது. தோட்டத்து வீட்டிலே கோழி வளர்த்து, பொம்மை ரயில் ஓட்டி, அந்த ரயிலிலேயே விருந்தினருக்குத் தின்பண்டம் அனுப்பிக் களித்திருந்த கிழவர், 1966 பிப்ரவரி 1-ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். வயது 70.

ரசிகர்கள் விடவில்லை. 1992-இல் அவர் பெயரால் ஒரு சங்கம் தொடங்கினர். சிறு வயதில் கோடைக்காலத்தைக் கூத்துக் குடும்பத்தோடு கழித்த மஸ்கீகன் என்ற ஊரிலே கூடி, பழைய படங்களைத் திரையிட்டுச் சேர்ந்து சிரிக்கிறார்கள். அவர் பேசாப் படங்களின் பதிப்புரிமைக் காலம் அமெரிக்காவில் முடிந்துவிட்டது. கடைசிப் பேசாப் படமான 1929-ஆம் ஆண்டுப் படமும் 2025 பிறந்ததும் பொதுச் சொத்தாயிற்று. ஷெங்க்கிடமும் எம்.ஜி.எம்.மிடமும் கேட்க வேண்டியதில்லை, யாரும் திரையிடலாம்.

அந்த ரசிகர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'டாம்ஃபினோ'. 1921-ஆம் ஆண்டுப் படத்தில் கீட்டன் தம் கையால் கட்டும் படகின் பெயர் அது. நீரில் இறக்கிய கணமே நேரே அடிக்குப் போய்விடும் படகு. விறைப்பாக நின்ற கீட்டனும் கூடவே இறங்குவார், கடைசியில் தொப்பி மட்டும் மிதக்கும்.