ரேடியோ ரிப்பேர் கடையில பிறந்த சோனி! - மசாரு இபுகாவின் கதை

உங்க லேப்டாப் ஆன் ஆகறதுக்குள்ள ஒரு டீ குடிச்சு முடிச்சிடலாமா? புதுசு வாங்கிடலாம்னு ஆன்லைன்ல விலை பார்த்துட்டு இருக்கீங்களா? கொஞ்சம் பொறுங்க. மசாரு இபுகாவோட கதையைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

சோனி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இபுகா. 1908-ல் ஜப்பானின் நிக்கோ நகரில் பிறந்தவர். டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் படித்த இன்ஜினீயர்.

1945. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, குண்டுவீச்சில் டோக்கியோ சிதைந்து கிடந்தது. நிஹோன்பாஷி பகுதியில் தப்பி நின்ற ஷிரோகியா டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மூன்றாவது மாடியில் இபுகா ஒரு சின்ன அறையைப் பிடித்தார். கூட சில நண்பர்கள். வேலை? ரேடியோ ரிப்பேர்!

உலகத்துல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க மக்கள் துடிச்ச நேரம் அது. ஆனா பல ரேடியோக்கள் போரில் பழுதாகியிருந்தன. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்கக் கூடாதுன்னு, பலரோட ரேடியோவுல சிற்றலைப் பகுதியை ராணுவப் போலீஸ் துண்டிச்சிருந்தது. இபுகா பழுதானதைச் சரிசெய்தார். கூடவே, சாதாரண ரேடியோவுடன் இணைத்தால் சிற்றலையும் கேட்கக்கூடிய ஓர் அடாப்டரையும் செய்து தந்தார். இன்னிக்கு பாஷையில சொன்னா, அப்கிரேடு!

எல்லாமே ஹிட்டுன்னு நினைக்காதீங்க. மரத்தொட்டிக்கு அடியில் அலுமினியத் தகடு பொருத்தி எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் செஞ்சாங்க. ஒண்ணு சோறு வேகாது, இல்லைன்னா குழைஞ்சிடும். படுதோல்வி!

ஆனா ரேடியோ வேலை பேர் வாங்கித் தந்தது. அஸாஹி நாளிதழில் வந்த ஒரு குறிப்பைப் படித்து, போர்க்காலத்தில் பழக்கமான அகியோ மொரிட்டா இவரைத் தேடி வந்தார். 1946 மே மாதம் இருவரும் நிறுவனம் தொடங்கினார்கள். 1958-ல் அதன் பெயர் சோனி ஆனது.

இன்னொரு ட்விஸ்ட், வாக்மேன். நீண்ட விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்க இபுகாவுக்கு ஆசை. கையில் இருந்த ஸ்டீரியோ ரெக்கார்டரோ செம கனம். ஏற்கெனவே விற்பனையில் இருந்த பிரஸ்மேன் என்ற சின்ன ரெக்கார்டரை மாற்றித் தரச் சொன்னார். பதிவு செய்யும் வசதியை எடுத்துட்டு, ஸ்டீரியோவைச் சேர்த்தார்கள். 1979 ஜூலையில் வாக்மேன் கடைக்கு வந்தபோது இபுகாவுக்கு வயது 71!

ரெண்டு கதையிலும் அவர் பார்த்தது ஒண்ணுதான்: இருக்கிற சாதனத்துல எது குறையுது? உங்க லேப்டாப்பையும் அப்படிப் பாருங்க. பழைய ஹார்டு டிஸ்க்தான் இழுக்குதுன்னா, எஸ்.எஸ்.டி மாத்தினாலே வேகம் எகிறும். நிறைய டேப் திறந்தா திணறுதா? ரேம் கூட்டலாம். சில மாடல்கள்ல ரேம் போர்டோட சேர்த்தே சால்டர் பண்ணியிருக்கும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி மாடல் நம்பரை வெச்சு செக் பண்ணிடுங்க. திறக்கும் முன் டேட்டாவை பேக்கப் எடுத்து, பவர் ஆஃப் செய்து, சார்ஜரைக் கழட்டிடுங்க. உள்ளே போனதும் முதல்ல பேட்டரி கனெக்டரைப் பிரிச்சிடுங்க. பேட்டரி உப்பியிருந்தா மட்டும் கை வைக்காதீங்க, நேரா சர்வீஸ் சென்டர்தான்.

இபுகா 1997 டிசம்பரில் மறைந்தார். அவர் தொடங்கின கம்பெனியோட முதல் முதலீடு, மத்தவங்க வீட்டுப் பழைய ரேடியோக்கள்தான். உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு?