தூசியில் மின்சாரத்தைப் பார்த்தவர்: யார் இந்த லிக்டன்பெர்க்?

மழை தூறும் ராத்திரியில் மின்கோபுரத்தைக் கடந்து போனால் மேலே 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? பீங்கானுக்குள் மின்சாரம் பாயாது. ஆனால் அதன் மேற்பரப்பில் ஊர்ந்து போகும். அந்த ஊர்தலைக் கண்ணுக்குக் காட்டியவர், பல்பே இல்லாத காலத்தில் வாழ்ந்த ஜெர்மன் பேராசிரியர் கியோர்க் கிறிஸ்டோஃப் லிக்டன்பெர்க்.

1742-ல் டார்ம்ஸ்டாட் அருகே, ஒரு பாதிரியாரின் 17-வது குழந்தையாகப் பிறந்தார். சின்ன வயசிலேயே முதுகெலும்பு வளைந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க உடம்பு படுத்தியது. ஆனாலும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் செய்துகாட்டும் சோதனைகளைப் பார்க்கவே மாணவர்கள் கூடுவார்கள்.

1777-ல் நிலைமின்சாரத்துக்காகச் சுமார் 2 மீட்டர் அகலத்தில் ஒரு பிசின் தட்டு செய்தார். அதைச் செதுக்கியபோது பறந்த தூசி, பிறகு தட்டின்மேல் வந்து இறங்கியது. சமமாகப் படியவில்லை, குட்டிக் குட்டி நட்சத்திரங்களாக நின்றது! வேறு யாராவது துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் வேண்டுமென்றே பொடி தூவிப் பார்த்தார். ஒருவகை மின்னூட்டம் கிளைவிட்ட மரமாகவும், இன்னொன்று வட்ட வட்டமாகவும் தெரிந்தது. மின்னூட்டத்துக்கு +, − குறி போட்டவரும் இவர்தான். நம்ம ஜெராக்ஸ் மெஷினும் இதே 'மின்னூட்டத்தில் ஒட்டும் பொடி' வித்தைதான்.

1799-ல் லிக்டன்பெர்க் இறந்தார். ஆச்சரியம் என்னவென்றால், ஜெர்மனியில் அவரை அதிகம் கொண்டாடுவது இயற்பியலுக்காக அல்ல, இறந்தபின் வெளிவந்த குறிப்பேடுகளுக்காக.

சரி, இதில் ஈரம் எங்கே வருகிறது? கண்ணாடிமேல் ஈரக்காற்று பட்டால் மெல்லிய நீர்ப்படலம் பரவி, மின்னூட்டம் அது வழியாகக் கசிந்துவிடும். பிசினில் தண்ணீர் அவ்வளவாக ஒட்டாது. அதனால்தான் மின்னூட்டம் தங்கியது, படமும் கிடைத்தது.

மின்கோபுரத்திலும் இதே கதைதான். இன்சுலேட்டர்மேல் காய்ந்து கிடக்கும் தூசி, உப்பால் பெரிய ஆபத்தில்லை. பனியோ தூறலோ பட்டால் உப்பு கரைந்து மின்சாரம் கசியும். அந்தச் சூட்டில் சில இடம் மட்டும் காய்ந்துபோக, அந்த இடைவெளியைப் பொறி தாண்டும். பொறிகள் சேர்ந்து முழு நீளத்துக்கும் ஓடினால் லைன் டிரிப்! கொட்டும் மழை அழுக்கைக் கழுவிவிடும் என்பதால், பல நேரம் பனிமூட்டம்தான் மோசமான வில்லன். தட்டுத்தட்டான வடிவம் மின்சாரம் ஊர வேண்டிய தூரத்தைக் கூட்டுவதற்காக. இப்போது வரும் சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டரில் தண்ணீர் படலமாகப் பரவாது, தாமரை இலைமேல் நிற்பது மாதிரி முத்து முத்தாக நிற்கும்.