தங்க நாணயத்தில் இருப்பது அம்மாவா, மகளா? பேரரசி ஃபவுஸ்டினாவின் கதை

பழைய ரோமானியத் தங்க நாணயம் ஒன்று. ஒரு பக்கம் பெண்ணின் முகம், ஓரத்தில் ஃபவுஸ்டினா என்ற பெயர். சிக்கல் என்னன்னா, அந்தப் பெயரில் அடுத்தடுத்து இரண்டு பேரரசிகள் இருந்தாங்க: அம்மாவும் மகளும். எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கொண்டையைப் பாருங்க. உச்சந்தலையில் இருந்தால் அம்மா. மகளுக்குப் பெரும்பாலும் பின்கழுத்துப் பக்கம் இருக்கும். அடுத்து, பெயருக்கு முன்னால் 'திவா' இருக்கிறதா? லத்தீனில் 'தெய்வமானவள்' என்று பொருள். இறந்த பிறகு தரப்படும் பட்டம் இது. மகளுக்கும் பின்னாளில் கிடைத்தது என்றாலும், அதிகம் கிடைப்பவை அம்மாவின் நாணயங்களே.

ஏன் அப்படி? அம்மா ஃபவுஸ்டினாவின் வாழ்க்கையில்தான் பதில் இருக்கிறது. நான்கு பிள்ளைகள் பெற்றார். மூன்று பேரைப் பறிகொடுத்தார். மிஞ்சியது ஒரே மகள். 138-ல் கணவர் அன்டோனினஸ் பயஸ் பேரரசரானார். செனட் இவருக்கு 'அகஸ்டா' பட்டம் தந்தது. இரண்டே வருஷம்தான். 140-ல் இறந்துபோனார்.

செனட் அவரைத் தெய்வமாக அறிவித்தது. ரோமன் ஃபோரத்தில் கோயில் எழும்பியது. ஏழைச் சிறுமிகளை வளர்க்க அவர் பெயரிலேயே உதவித் திட்டம் தொடங்கினார் கணவர். சில நாணயங்களின் பின்பக்கத்தில் அந்தக் காட்சியே இருக்கிறது.

161-ல் அன்டோனினஸ் இறந்தபோது அதே கோயில் அவருக்கும் உரியதானது. இன்று அது ஒரு தேவாலயம். முகப்பில் இருவர் பெயரும் இன்னும் இருக்கின்றன.

பேரரசியாக வாழ்ந்தது இரண்டு வருஷம். நாணயத்தில் வாழ்வது கிட்டத்தட்ட 1,900 வருஷமாக!