இருதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்தவர்

மார்பில் கை வைத்தால் இருதயம் துடிப்பது தெரியும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் சற்று முன்னால் அதில் ஒரு சிறு மின்சாரம் எழுவது கைக்குத் தெரியாது. அதைத் தெளிவாகப் பதிவு செய்து காட்டியவர் டச்சு விஞ்ஞானி வில்லெம் ஐன்தோவன்.

இவர் 1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் ஜாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்தார். மருத்துவரான தந்தை, வில்லெம் சிறுவனாக இருக்கும்போதே காலமானார். தாயார் ஆறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு 1870-இல் ஹாலந்து சென்று உட்ரெக்ட் நகரில் குடியேறினார். அந்தத் தாயின் துணிவே துணிவு!

அங்கு மருத்துவம் பயின்ற வில்லெம் விளையாட்டிலும் வல்லவர். ஒருமுறை விளையாட்டில் மணிக்கட்டு முறிந்தது. ஓய்வு நாட்களையும் வீணாக்காமல், கை திரும்பும் விதத்தையே ஆராய்ந்து கட்டுரை எழுதிவிட்டார். 25 வயதில் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இருதயத்தின் வலது மேலறையில் உள்ள சிறு திசுவில் மின்சாரம் தோன்றி முதலில் மேலறைகளையும், சற்றுத் தாமதித்துக் கீழறைகளையும் சுருங்கச் செய்கிறது. உடலின் மேற்பரப்பில் அதன் அளவு ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1887-இல் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் பாதரசக் கருவியால் அதைப் பதிவு செய்தார். பாதரசம் மெதுவாக அசைந்ததால் உருவம் சிதைந்தது. ஐன்தோவன் அதைக் கணக்குப் போட்டுத் திருத்திப் பார்த்தார், மனம் நிறையவில்லை. புதுக் கருவியே செய்யத் துணிந்தார்.

தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழைக்கு வெள்ளி பூசி, பெரிய மின்காந்தத்தின் நடுவே கட்டினார். மின்சாரம் பாய்ந்தால் இழை அசையும். அதன் நிழலைப் பெரிதாக்கி, நகரும் புகைப்படத் தகட்டில் விழச் செய்தார். 1901-இல் அவர் அறிவித்த அக்கருவி சுமார் 270 கிலோ எடை! இயக்க ஐந்து பேர் வேண்டும். காந்தம் சூடாகாதிருக்கத் தண்ணீர் ஓடவேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் வைத்திருப்பார்.

படுக்கையில் கிடக்கும் நோயாளியை அதனிடம் கொண்டுவருவது எப்படி? 1905-இல் மருத்துவமனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவே துடிப்பை வரவழைத்தார். அந்த மேடு பள்ளங்களுக்கு அவர் இட்ட பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்களைத்தான் இன்றும் ஈ.சி.ஜி. தாளில் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். பி மேலறைகளுக்கு உரியது. நடுவிலுள்ள மூன்றும் கீழறைகளுக்கு. டி அவை மீண்டும் ஆயத்தமாவதற்கு.

1924-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். 1927 செப்டம்பரில் இறக்கும்வரை லெய்டனிலேயே பேராசிரியராக இருந்தார்.