கதர் போட்டதால் கைநழுவிய எம்.பி.பி.எஸ்.. புற்றுநோய் மருந்து தந்த சுப்பாராவ் யார் தெரியுமா?

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருநாள் மட்டும் மாத்திரை போடுபவர் உங்க வீட்டிலும் இருக்கலாம். அட்டையில் 'மெத்தோட்ரெக்சேட்' என்று இருக்கா பாருங்க. அது முதலில் புற்றுநோய் மருந்து. அதன் பின்னணியில் இருப்பவர் நம்ம சென்னையில் படித்த டாக்டர், எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகணும்னு ஆசை. அம்மா விடவில்லை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

காந்தியின் அழைப்பை ஏற்று, ஆபரேஷன் உடையைக்கூட கதரில் போட்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ் சான்றிதழ்தான். சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுத்தவர், மாமனார் உதவியோடு பாஸ்டன் கிளம்பினார். மனைவி இங்கேயே இருந்தார். அவர் திரும்பி வரவே இல்லை.

ஹார்வர்டில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தும் நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அவர் குழு ஃபோலிக் ஆசிட்டை செயற்கையாகத் தயாரித்தது. அவருடைய சகோதரர்கள் இருவரைப் பறித்த 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய்க்கு உதவும் வைட்டமின் அது!

செல்கள் பெருக ஃபோலிக் ஆசிட் வேணும். அதே குழு, அதைப் போலவே தோற்றமளிக்கும் போலிகளை உருவாக்கியது. செல் ஏமாந்து போலியைப் பிடித்துக்கொள்ளும், புது டி.என்.ஏ செய்ய முடியாமல் நின்றுவிடும். அப்படி வந்த அமினோப்டெரினை டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-ல் அந்த முடிவுகள் வெளியாகின. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53.

மெத்தோட்ரெக்சேட்டும் அதே போலிகளின் குடும்பம்தான். 1956-ல் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை அது குணப்படுத்தியது தெரியவந்தது. கர்ப்பத்துக்குப் பின் நஞ்சுக்கொடி திசுவில் தொடங்கி நுரையீரல் வரை பரவுவது அது. பரவிவிட்டால் பிழைப்பது அரிது என்ற நிலை. கட்டியாக வரும் ஒரு புற்றுநோய் மருந்தாலேயே குணமானது அப்போதுதான் முதல் முறை.

இன்னொரு விஷயம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதும் டாக்டர், பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட்டும் சேர்த்து எழுதுவார். ரெண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே லேப்தான்.