ஒராபி பாஷா: முன்னரே முடிவான தீர்ப்பு

எகிப்தின் கிராமமொன்றில் 1841ஆம் ஆண்டு பிறந்தவர் அஹ்மத் ஒராபி. அல்-அஸ்ஹரில் பயின்று, பின் படையில் சேர்ந்தார். அங்கு உயர் பதவிகள் துருக்கிய, சர்க்காசிய வம்சத்தாருக்கே கிடைத்து வந்தன. இந்த அநீதியை எதிர்த்தெழுந்த ஒராபி, 1882இல் யுத்த அமைச்சரானார். அவ்வாண்டே பிரித்தானியர் அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கினர். செப்டெம்பர் 13இல் தல் அல்-கபீர் போரில் அவர் தோல்வியுற்றார்.

டிசெம்பர் 3இல் இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். அவரைத் தூக்கிலிட வேண்டுமென்பது ஆட்சியாளர் கெதீவின் விருப்பம். நியாயமான விசாரணை தேவையென இங்கிலாந்திலேயே சிலர் குரல் எழுப்பினர். எனவே முடிவு மன்றுக்கு வெளியே பேசித் தீர்க்கப்பட்டது. கிளர்ச்சிக் குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. அன்றே அது ஆயுட்கால நாடுகடத்தலாக மாறியது. அங்கே தீர்ப்பை வாசித்தது நீதிமன்றம், எழுதியதோ அரசியல்.

1883 ஜனவரியில் ஒராபி இலங்கையில் வந்திறங்கினார். பதினெட்டு ஆண்டுகள் கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். ஆங்கிலக் கல்வியை நம் சமூகம் அஞ்சி ஒதுக்கிய காலம் அது. அறிஞர் சித்தி லெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் கல்வி முயற்சிக்கு அவர் துணைநின்றார். 1892இல் மருதானையில் உருவான பாடசாலையே இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

1901இல் மன்னிப்புப் பெற்றுத் தாயகம் திரும்பினார், 1911இல் காலமானார். 1952 புரட்சிக்குப் பின் எகிப்து அவரைத் தேசிய வீரராகப் போற்றியது. அவர் செய்த செயல் மாறவில்லை. ஆட்சி மாறியது, குற்றவாளி வீரரானார். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவரது நினைவில்லமாக நிற்கிறது.